துயரம் கேட்கும் வேலைக்குக் கூலி இல்லையா?

சென்ற மாதம் ஒரு நாள் மாலை, அடையாறு பஸ் டிப்போவுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் நமது தோழர் ஒருவரின் மகளைச் சந்தித்தேன். தோழர் தஞ்சை ஜில்லாவில் விவசாயத் தொழிலாளி. மகள் சென்னையில் தங்கி, மனோதத்துவத்தில் எம்.எஸ்ஸி. படிக்கிறாள். முகம் வாடியிருந்தது.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்றேன்.

"டூட்டி முடிஞ்சு வர்றேன் மாமா. இன்னிக்கு அஞ்சு பேர்."

"டூட்டியா? சம்பளம் எவ்வளவு?"

சிரித்துவிட்டாள். "சம்பளமா? இது இன்டர்ன்ஷிப் மாமா. கடைசியிலே சர்டிபிகேட் கொடுப்பாங்க."

தென்சென்னையில் உள்ள ஒரு கல்லூரியின் ஆலோசனை மையத்தில் வாரம் நான்கு நாள் அவளுக்கு வேலை. பரீட்சை பயம், கடன், காதல் தோல்வி, ஜாதிச் சொல், வீட்டில் அடிதடி என்று மனம் உடைந்து வரும் மாணவர்களை ஒவ்வொருவராக உட்கார வைத்து முக்கால் மணி நேரம் கேட்க வேண்டும். பிறகு குறிப்பு எழுத வேண்டும். கேட்டதை வெளியே மூச்சு விடக் கூடாது. விடுதி வாடகையும் சாப்பாடும் அப்பா கடன் வாங்கி அனுப்பும் பணத்தில். 2021 மே முதல் சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் அலைவதில் மட்டும் செலவில்லை.

புத்தி சொல்வதற்கு ஒரு படிப்பா, ஒரு டூட்டியா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டேன். அவள் சொன்னாள்: "புத்தி சொல்றது எங்க வேலை இல்லே மாமா. புத்தியை ஊரே சொல்லியிருக்கும். அவங்க சொல்றதை நடுவிலே வெட்டாம கேக்கறதுதான் கஷ்டம். எது சாதாரண வருத்தம், எது உயிருக்கே ஆபத்துன்னு அதிலே கண்டுபிடிக்கணும். ஆபத்துன்னா உடனே டாக்டர்கிட்டே சேர்க்கணும்." இத்தனை கூட்டங்களில் பேசிய நான் இத்தனை வருஷத்தில் எத்தனை பேர் பேச்சை வெட்டாமல் கேட்டேன் என்று எண்ணிப் பார்த்தேன். கணக்கு எனக்குப் பெருமை தருவதாக இல்லை.

இது சுகவாசிகளின் பிள்ளைகளுக்கான சங்கதி என்று ஒதுக்கிவிடாதீர்கள். சர்க்காரின் தேசிய குற்றப் பதிவு அலுவலகம் தரும் கணக்குப்படி 2022-இல் இந்த நாட்டில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர். அவர்களில் நூற்றுக்கு 26 பேருக்கு மேல் தினக்கூலிகள். விவசாயத் தொழிலாளர்கள் மட்டும் 6,083. மாணவர்கள் 13,044. ஆக, செத்தவர்களில் பெரிய பங்கு நம்முடைய ஜனங்கள். இன்று கல்லூரிக்குள் நுழைகிற மாணவர்களிலும் நம்முடைய ஜனங்கள் உண்டு. சர்க்கார் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 2021 முதல் பொறியியல் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத இடம் கிடைக்கிறது. மில் தொழிலாளி மகன் கிண்டி வளாகத்துக்குள் போகிறான். போன முதல் வாரத்தில் இங்கிலீஷ் பாடம் அவன் தலைக்கு மேலே ஓடுகிறது. அந்த ராத்திரி அவன் யாரிடம் பேசுவான்?

அடையாற்றின் பக்கத்தில்தான் 1959-இல் ஆரம்பித்த ஐ.ஐ.டி. இருக்கிறது. 2023-இல் பிப்ரவரி தொடங்கி ஏப்ரல் முடிவதற்குள் அங்கே நான்கு மாணவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் பிஎச்.டி. மாணவர். மாணவர்கள் கிளர்ச்சி செய்தார்கள். ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி திலகவதி தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. பிறகு அந்த மாணவரின் வழிகாட்டிப் பேராசிரியர் வேலையிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார். இதைக் கவனியுங்கள். நோய் மாணவனின் மனதில் மட்டும் இருந்திருந்தால் பேராசிரியரை ஏன் இடைநீக்கம் செய்ய வேண்டும்? வேலை வாங்குகிறவன் கையில் வேலை செய்கிறவனின் எதிர்காலம் முழுவதும் சிக்கியிருந்தால் என்ன நடக்கும் என்று மில் தொழிலாளிக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்து துயரம் கேட்கிறவருக்கு, "குற்றம் உங்கள் நிர்வாகத்தில் இருக்கிறது" என்று மேலே எழுதி அனுப்பும் தைரியமும் பாதுகாப்பும் வேண்டும். சர்டிபிகேட்டுக்காகக் கையெழுத்தை எதிர்பார்த்து நிற்கும் மாணவி அதை எழுத முடியுமா?

2025 ஜூலை 25-இல் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பில் வழிமுறைகள் வகுத்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் எந்தக் கல்வி ஸ்தாபனத்திலும் தகுதி பெற்ற ஆலோசகரோ மனோதத்துவ நிபுணரோ சமூக சேவகரோ ஒருவராவது இருக்க வேண்டும் என்றது. நல்ல உத்தரவு. ஆனால் நூறு பேருக்கும் ஒருவர், ஐயாயிரம் பேருக்கும் ஒருவர் போதும் என்று நிர்வாகம் அர்த்தம் செய்துகொண்டால் தடுப்பது யார்? அந்த ஒருவரின் பெயரைப் பலகையில் எழுதிவிட்டு, அறைக்குள் வேலையை இன்டர்ன் பிள்ளைகள் தலையில் கட்டினால் கணக்கும் சரியாகிவிடும், சம்பளமும் மிச்சம். நம் பெண் போகும் இடத்தில் நடப்பது இதுதான். ஒரு பாட்ச் போனால் மறு பாட்ச் வருகிறது. இது போதாதென்று, வெளியே சில தனியார் கிளினிக்குகள் பயிற்சி கொடுக்க மாணவர்களிடமே பணம் வசூலிக்கின்றன. வேலை செய்கிறவன் முதலாளிக்குக் கூலி கொடுக்கும் விந்தையை வேறெங்கே பார்ப்பது!

'பயிற்சி' என்ற சொல்லை நாம் நன்றாக அறிவோம். கோவை, திருப்பூர், திண்டுக்கல் மில்களில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் ஏழைப் பெண்களை மூன்று வருஷம் விடுதியில் அடைத்து, பயிற்சிக்காரர்கள் என்று எழுதி, முழு ஆள் வேலையை வாங்கினார்கள். மில்லிலே சைடர் வேலைக்கு வரும் புது ஆளுக்கும் கற்றுக்கொள்ளும் காலம் உண்டுதான். ஆனால் அந்தக் காலத்துக்கும் கூலி வேண்டும், பக்கத்தில் மேஸ்திரி வேண்டும் என்று போராடினோம். 1961-இன் அப்ரண்டிஸ் சட்டம் பயிற்சிக்காரனுக்கு உதவித் தொகை தரச் சொல்கிறது. 2019-இல் திருத்திய விதி பட்டதாரி அப்ரண்டிஸுக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் என்று நிர்ணயித்தது. டாக்டர் படிப்பு முடித்த ஹவுஸ் சர்ஜனுக்கும் உதவித் தொகை உண்டு. நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டால் காசு உண்டு, நெஞ்சில் உள்ளதைக் கேட்டால் காசு இல்லை. இது என்ன நியாயம்?

சென்னையிலே 'ஸ்நேகா' என்ற ஸ்தாபனம் இருக்கிறது. 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் ஆரம்பித்தது. அங்கே தொண்டர்கள் ஊதியமில்லாமல் போனில் துயரம் கேட்கிறார்கள். அவர்களே சும்மா செய்யும்போது இந்த மாணவிகள் செய்தால் என்ன என்று ஒரு கல்லூரி ஆசிரியர் என்னிடம் வாதாடினார். தொண்டர் தமக்கு வேறு ஜீவனம் வைத்துக்கொண்டு, தம் இஷ்டத்துக்கு வந்து செய்கிறார். அது பெரிய காரியம், கும்பிடத் தக்கது. ஆனால் ஃபீஸ் வாங்கும் கல்லூரி, தான் சம்பளம் கொடுத்து வைக்க வேண்டிய ஆளுக்குப் பதில் மாணவியை உட்கார வைப்பது தொண்டு ஆகாது. பதிலித் தொழிலாளியைக் கூலி கொடுக்காமல் வைத்துக்கொள்வதுதான் அது.

இதில் இன்னொரு கேடு இருக்கிறது. ஒரு வருஷம் கூலியில்லாமல் வேலை செய்ய யாரால் முடியும்? தி. நகரிலும் மயிலாப்பூரிலும் சொந்த வீடும் அப்பாவுக்குச் சம்பளமும் உள்ள பிள்ளைகளால் முடியும். குறை சொல்லவில்லை, அவர்களிலும் நல்ல மனசுக்காரர்கள் இருக்கிறார்கள். ஆனால் வரப்பில் நடந்து படிக்க வந்த பையன் எதிரே உட்கார்ந்து, தன் அம்மா நாற்று நடப் போய்க் கட்டிய ஃபீஸைப் பற்றி, சேரியின் பெயர் சொல்லி வகுப்பில் கேலி செய்ததைப் பற்றி எந்த பாஷையில் சொல்வான்? அதைப் பாதியில் புரிந்துகொள்கிறவர் நம்மிடமிருந்து வர வேண்டும். வரும் வழியோ அடைபடுகிறது. வேலை பார்த்துக்கொண்டே மனோதத்துவம் படிக்கத் தபால் வழிப் படிப்பு ஒன்று இருந்தது. 2025-இல் யு.ஜி.சி. அதையும் நிறுத்தச் சொல்லிவிட்டது. நேரில் பழகாமல் இந்த வேலையைக் கற்க முடியாது என்ற வாதத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் சர்க்கார் கல்லூரிகளில் அத்தனை இடங்களையும் அல்லவா கூட்டியிருக்க வேண்டும்?

டீ ஆறிப்போன பிறகு நான் அவளிடம் கேட்டேன்: "ஐந்து பேர் பாரத்தை நீ கேட்கிறாய். உன் பாரத்தை யாரம்மா கேட்பது?"

"வாரத்துக்கு ஒரு மணி நேரம் பெரியவங்க யாராவது எங்க குறிப்பைப் படிச்சு எங்ககூட பேசணும்னு பாடத்திலே இருக்கு மாமா. அந்த மேடம் மூணு கல்லூரிக்கு ஒருத்தர். மாசத்துக்கு ஒரு தடவை பார்த்தா அதிர்ஷ்டம்." அந்த மேடமும் கான்டிராக்ட் வேலைதானாம்.

அவர்கள் கேட்பது அதிகமில்லை. பயிற்சிக் காலத்துக்கு உதவித் தொகை, வாராவாரம் மேற்பார்வை, ஒவ்வொரு கல்லூரியிலும் நிரந்தர ஆலோசகர், தமிழில் பேசத் தெரிந்தவர். படிக்கும் பிள்ளை உள்ள தோழர்கள் அடுத்த தடவை ஃபீஸ் கட்டப் போகும்போது கவுண்டரில் கேளுங்கள்: உங்கள் ஆலோசகர் யார்? நிரந்தரமா, கான்டிராக்டா? அறைக்குள் என் மகன் பேசப் போவது அவரிடமா, சம்பளமில்லாத இன்னொரு மாணவியிடமா? ராத்திரியில் மனம் கலங்கினால் 14416 என்ற நம்பருக்குப் போன் செய்யலாம், காசு கிடையாது என்பதையும் பிள்ளையிடம் சொல்லி வையுங்கள்.

ஆறரை மணிக்கு அவள் பஸ் ஏறினாள். மறுநாள் காலையில் அவளுக்கு ஆறு பேர்.