பிடித்த மீனுக்கு வழி வேண்டும்

2020 மார்ச் 25-ல் நாடெங்கும் 21 நாள் ஊரடங்கு தொடங்கியபோது, புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் படகுகள் கரையேறின. நெல் குதிரில் காத்திருக்கும்; மீன் காத்திருக்காது. கடலுக்குப் போனால்தான் உலை கொதிக்கும் என்ற நிலையிலுள்ள வீடுகளுக்கு அந்த வாரங்கள் பெருஞ்சோதனை.

ஏப்ரல் 10-ல் மத்திய அரசு மீன்பிடிப்புக்கும் விற்பனைக்கும் விலக்கு அளித்தது. ஆனால், ஏப்ரல் 15-ல் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கான ஆண்டுத் தடைக்காலம் பிறந்துவிட்டது. பின்னர் அவ்வாண்டுக்கு மட்டும் தடை 61 நாளிலிருந்து 47 நாளாகக் குறைக்கப்பட்டு, மே 31-ல் முடிந்தது. இது ஆறுதலே, முழுப் பரிகாரம் ஆகாது.

கடலுக்குப் போக அனுமதி மட்டும் போதுமா? ஐஸ் வர வேண்டும். வியாபாரி வர வேண்டும். கூடை சுமந்து விற்கும் பெண்கள் ஊருக்குள் போய்வர வேண்டும். இவற்றில் ஒன்று தடைப்பட்டாலும் பாடுபட்டுப் பிடித்த மீன் கரையிலேயே கெடும். டீசல் கடன் மட்டும் மிஞ்சும்.

ஆகவே, இனி இத்தகைய இடர் வந்தால், பால், காய்கறி போல மீன் விற்பவருக்கும் முதல் நாளே அனுமதிச் சீட்டு தர வேண்டும். விற்காத மீனைக் கருவாடாக்க ஊர்தோறும் உலர்மேடை அவசியம். குடல் நீக்கிக் கழுவி, நான்கு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பிட்டு, மணலில் பரப்பாமல் மேடையில் காயவைத்தால் நல்ல விலை கிடைக்கும். அரசும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களும் இதற்கு இப்போதே ஆவன செய்தல் நலம்.