அவர் இல்லை, எனக்கேன் சோதனை?

சுகவனிதையர் கிளினிக்கிற்கு வருமாறு ஊருக்குள் சென்று சொல்லும்போது, கணவரை இழந்த சகோதரிகள் பலரிடமிருந்து ஒரே பதில்தான் கிடைக்கின்றது. "அவர் போய் இத்தனை வருசமாப் போச்சுது. எனக்கேன் பிள்ளை இந்தச் சோதினை?" சிலர் வாய்விட்டுச் சொல்வார்கள். சிலர் சொல்லாமலே அன்றைக்குக் கூலி வேலைக்குப் போய்விடுவார்கள்.

இந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு பயம் இருக்கின்றது. தனித்து வாழும் பெண் கருப்பைச் சோதனைக்குப் போனால் ஊர் என்ன கதைக்கும் என்ற பயம். அதனைக் குறைசொல்ல முடியாது; எமது ஊர்கள் அப்படித்தான் கதைக்கின்றன. எனினும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஊர்க் கதைக்கு ஏற்றபடி வருவதில்லை.

ஏறத்தாழ எல்லாக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்களுக்கும் மனித பப்பிலோமா வைரசு என்ற கிருமியே காரணமாகின்றது. இதன் முக்கியமான வகை ஒன்றை 1983 இல் ஜேர்மனிய விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹோசனின் ஆய்வுக்குழு இனங்கண்டது. அதற்காக 2008 இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. உடலுறவினால் தொற்றுவதாயினும் இது ஒழுக்கத்தோடு சம்பந்தப்பட்ட விடயமன்று. மிகச் சாதாரணமான தொற்று இது. ஒருவரோடு மட்டுமே வாழ்ந்த பெண்ணுக்கும் வரலாம். பெரும்பாலானோரின் உடல் ஓரிரு வருடங்களில் தானாகவே அதனை வென்றுவிடும். சிலரில் மட்டும் அது போகாமல் தங்கிவிடும். அவ்வாறு தங்கிய கிருமி புற்றுநோயாக மாறுவதற்குப் பொதுவாகப் பதினைந்து, இருபது வருடங்கள் எடுக்கின்றன.

இந்தக் கணக்கை எமது சகோதரிகளோடு பொருத்திப் பாருங்கள். 2009 இல் இருபத்தைந்து வயதில் கணவரை இழந்தவர் இன்று நாற்பதைத் தாண்டிவிட்டார். அன்று தங்கிய கிருமி இருந்தால் அது இப்போதுதான் வேலையைக் காட்டும். இடம்பெயர்ந்தும் முகாம்களிலும் அலைந்த காலத்தில் முப்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கோ அந்த வயதுச் சோதனையே நடந்திராது. கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் உள்ள வீட்டுக்குத்தான் குடும்பநல உத்தியோகத்தர் அடிக்கடி வருவார். பிள்ளைகள் வளர்ந்த வீட்டுப் பெண் அவருடைய கண்ணிலும் படுவது குறைவு. ஆகவே நீங்களே போய்க் கேட்க வேண்டியிருக்கின்றது.

1996 இல் எமது நாட்டில் ஆரம்பிக்கப்பட்ட சுகவனிதையர் கிளினிக்குகள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் இலவசமாக நடைபெறுகின்றன. 35, 45 வயதுப் பெண்களை விசேடமாக அழைக்கின்றார்கள். அங்கேயே மார்பையும் சோதிப்பார்கள். இரத்த அழுத்தமும் சீனியும் பார்ப்பார்கள். பப் பரிசோதனைக்கு முழங்காலை மடித்துப் படுக்க வேண்டும். ஒரு சிறு கருவியால் வழியை விரித்து, மெல்லிய தூரிகை போன்ற ஒன்றினால் கருப்பைக் கழுத்தைத் தடவி எடுப்பார்கள். வெட்டுவதில்லை, ஊசி இல்லை, சில நிமிட வேலை. மாதவிடாய் நாட்களில் மட்டும் போகவேண்டாம்.

தன் விருப்பமின்றி உடல் தீண்டப்பட்ட சகோதரிகளுக்கு அந்தக் கட்டிலில் ஏறுவதே பழையதைக் கிளறிவிடும் என்பதை அறிவேன். பெண் ஒருவரே சோதிக்க வேண்டும் என்று கேட்கலாம். துணைக்கு ஒருவரை உள்ளே அழைக்கலாம். பாதியில் "நிப்பாட்டுங்கோ" என்றும் சொல்லலாம். காரணம் சொல்லத் தேவையில்லை.

முடிவில் மாற்றம் இருப்பதாக எழுதியிருந்தால் அது புற்றுநோய் என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் அது புற்றுநோய்க்கு முந்திய நிலைதான். பெருப்பித்துப் பார்த்து, தேவையானால் அந்தச் சிறு பகுதியை மாத்திரம் அகற்றுவார்கள். கருப்பை பொதுவாகத் தப்பிவிடும். ஆனால் தீட்டு நின்றபின் இரத்தம் படுதல், இரு தீட்டுகளுக்கிடையே படுதல், துர்நாற்றத்தோடு வெள்ளைபடுதல் ஆகியன இருந்தால் கிளினிக் நாளுக்காகக் காத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

நோய் முற்றிவிட்டால் ஒன்றும் செய்யமுடியாது என்பதும் பழைய கதை. கதிர்வீச்சோடு சேர்த்து மருந்தும் ஏற்றினால் கூடுதலானோர் பிழைக்கின்றனர் என்பது 1999 அளவிலேயே நிரூபிக்கப்பட்டது. 2024 இல் வெளியான ஆய்வொன்று இன்னும் நம்பிக்கை தருகின்றது. பிரித்தானியா, மெக்சிக்கோ, இந்தியா முதலிய நாடுகளில் 500 பெண்களைக் கொண்டு நடத்தப்பட்ட அந்த ஆய்வில், வழமையான சிகிச்சைக்கு முன்னர் ஒரு பகுதியினருக்கு ஆறு வாரங்கள் மருந்து ஏற்றப்பட்டது. ஐந்து வருடங்களின் பின் அவர்களில் 80 சதவீதமானோர் உயிருடன் இருந்தனர். மற்றப் பகுதியினரில் அது 72 சதவீதம். பயன்படுத்தியவை நீண்டகாலமாகப் பாவனையிலுள்ள மருந்துகள் என்பதுதான் எம்மைப் போன்ற நாடுகளுக்கு நல்ல செய்தி.

வடக்கிலுள்ளோர் இதற்கென்று மகரகமைக்கே ஓடிய காலமும் இருந்தது. 2011 இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடைபயணம் செய்து திரட்டிய நிதியால் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை அமைந்தது. மட்டக்களப்பிலும் சிகிச்சை உண்டு. அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசில்லை. ஆனால் கதிர்வீச்சுக்கு வாரத்தில் ஐந்து நாள், ஐந்து வாரமளவில் போய்வர வேண்டும். பஸ் காசு யார் தருவது? கூலி போனால் அடுப்பு எப்படி எரியும்? பின்னேரம் பிள்ளைகளை யார் பார்ப்பது? சிகிச்சையைப் பாதியில் விடுபவர்கள் அநேகமாக இந்தக் கேள்விகளில்தான் விடுகின்றார்கள். இந்த இடத்தில் மாதர் சங்கங்களுக்கு வேலை இருக்கின்றது. முறைவைத்துத் துணைக்குப் போகலாம், ஒருநேரச் சோறு கொடுக்கலாம். பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரிடம் உதவிப்பணம் பற்றிக் கேட்டுக் கொடுக்கலாம். புற்றுநோய் தொட்டால் ஒட்டாது. தட்டையும் தம்ளரையும் பிரித்து வைக்கும் வழக்கத்தை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள்.

ஆறாம் தரத்தில் மகளோ பேத்தியோ படித்தால் இன்னொரு விடயம். 2017 முதல் பாடசாலையில் இந்த வைரசுக்கெதிரான தடுப்பூசி போடப்படுகின்றது. பிள்ளை கொண்டுவரும் கடிதத்தைப் புத்தகப் பைக்குள்ளேயே விட்டுவிடாமல், வாசித்துக் கையொப்பமிட்டு அனுப்புங்கள்.