மாதா கோயிலுக்கு இசைஞர் தேடுவோர் கவனத்திற்கு

செஞ்சிக் கோட்டையின் குன்றுகளைச் சுற்றியுள்ள ஊர்களில் கத்தோலிக்க ஆலயங்கள் பல உண்டு. புதுவை - கடலூர் உயர் மறைமாவட்டத்தைச் சேர்ந்த இப்பங்குகளில் 'ஆர்கன் வாசிப்பவர் வேண்டும்' என்றால் கீபோர்டு வாசிப்பவர் வேண்டும் என்றே பொருள். ஐரோப்பியப் பேராலயங்களின் குழாய் ஆர்கன் நம் சிற்றூர்க் கோயில்களுக்கு எட்டாத பொருள். 1842இல் பாரிஸில் தெபேன் காப்புரிமை பெற்ற ஆர்மோனியம் அதன் இடத்தை நிரப்பியது. ஆர்மோனியத்தின் இடத்தில் இன்று கீபோர்டு அமர்ந்திருக்கிறது.

கருவி மாறியதில் நமக்கு வருத்தமில்லை. வழிபாட்டிற்குத் தகுந்த பிற கருவிகளையும் ஏற்கலாம் என 1963இலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூறிவிட்டது. ஆளைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல்தான் நமக்குக் கவலை தருகிறது. விரல் வேகமும், மெல்லிசைக் குழு அனுபவமும், சொந்தமாகக் கருவி வைத்திருப்பதும் தகுதிகளாகிவிட்டன. விளைவு, திருப்பலியில் கருவி பாடுகிறது; மக்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

1967ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் நாள் வெளியான 'முசிக்காம் சாக்ரம்' என்னும் திருச்சபை அறிவுரை, கருவியிசை குரல்களைத் தாங்கவேண்டுமேயன்றி அமிழ்த்தக்கூடாது என்கிறது. வாசிப்பவர்க்குத் திறமை மட்டும் போதாது, வழிபாட்டின் உட்பொருளிலும் அவர் தோய்ந்திருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. இவற்றை அறிய மூன்று சோதனைகள் போதும் என்பது நம் எண்ணம்.

முதலாவது, செவி. அடக்கத் திருப்பலியில் ஒரு மூதாட்டி தமக்கு வாய்த்த சுருதியில் பாடலைத் தொடங்கிவிடுகிறார். அந்தக் கட்டையைக் கண்டுபிடித்துப் பின்தொடர்பவரே நமக்கு வேண்டியவர். 'நிறுத்துங்கள், என் சுருதிக்கு வாருங்கள்' என்பவர் மேடைக்கு உரியவர்.

இரண்டாவது, மொழி. பதிலுரைப் பாடலை வாசிக்கச் சொல்லி, சொல் எங்கே முறிகிறது எனக் கவனிக்கவேண்டும். குறில் நெடிலானால் வனம் வானமாகிவிடும் மொழி நம்முடையது. பாடலின் பொருள் அறியாதவர், மெட்டுக்காகச் சொல்லை இழுத்துக் கெடுத்துவிடுவார்.

மூன்றாவது, மௌனம். தவக்காலத்தில் கருவி தனித்து ஒலிப்பதில்லை. நான்காம் ஞாயிறும் பெருவிழா, விழா நாள்களும் நீங்கலாக, பாடலைத் தாங்குவதற்கு மட்டுமே அதற்கு இடம். பெரிய வியாழன் மாலை வானவர் கீதத்திற்குப் பின் பாஸ்கா திருவிழிப்பு வரையிலும் இதே கட்டுப்பாடு. எப்போது வாசிக்கக்கூடாது என்று கேட்டுப் பாருங்கள். விடை சொல்பவர் அரியவர்.

இத்தனையும் எதிர்பார்க்கும் பங்குப் பேரவைகள், ஊதியம் என்றதும் 'இது இறைப்பணி' என்று முடித்துவிடுவதுண்டு. ஒலிபெருக்கிக்கும் பந்தலுக்கும் பேரம் பேசாமல் தரும் பணம், ஆண்டு முழுதும் ஞாயிறுதோறும் வாசிப்பவரிடம் வரும்போது சுருங்கிவிடுகிறது. 1983இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 1286ஆம் விதியில், திருச்சபைக்காக உழைப்பவர்க்கு நேர்மையான, நியாயமான கூலி தரவேண்டும் என்று கட்டளையிடுகிறது. பணியாற்றுபவர் தாமே விரும்பி ஊதியத்தை விட்டுக்கொடுக்கலாம்; அவர் சார்பில் பங்குப் பேரவை விட்டுக்கொடுப்பது அறமன்று.

நல்ல இசைஞர் கிடைப்பதில்லை என்னும் குறை எங்கும் கேட்கிறது. கேட்கத் தெரிந்த ஓர் இளைஞனோ பெண்ணோ ஒவ்வொரு பாடகர் குழுவிலும் இருக்கவே செய்வர். ஆசிரியர் ஒருவரை அமர்த்தி, இரண்டாண்டு பயிற்சிச் செலவைப் பங்கே ஏற்கட்டும். புதிய கீபோர்டு வாங்குவதற்கு முன் செய்யவேண்டிய செலவு அது.