உழைக்கும் பிள்ளைகளும் உலைச் செலவும்

கல்வியை முடித்து ஊதியம் ஈட்டத் தொடங்கிய பிள்ளைகள், திருமணம் வரையிலும், சிலர் அதற்குப் பின்னரும், பெற்றோர் இல்லத்திலேயே வாழ்வது நம் வழக்கம். அவர்கள் வீட்டுச் செலவில் பங்கேற்க வேண்டுமா என்று கேட்டால், "தாய் சோற்றுக்கு விலை பேசுவதா?" என்று நம்மவர் முகம் சுளிப்பர். விலை வேறு, பங்கு வேறு. விலை கொடுப்பவன் விடுதியில் தங்குபவன். பங்கு கொடுப்பவன் குடும்பத்தின் உறுப்பினன்.

'மக்கட்பேறு' அதிகாரத்தில் தந்தை மகனுக்கு ஆற்றும் நன்மையைக் கூறும் வள்ளுவர், மகன் தந்தைக்கு ஆற்றும் உதவியையும் கூறியே அதிகாரத்தை முடிக்கிறார். கடமை இருவழிப்பட்டது என்பதே அதன் பொருள்.

இஸ்லாமியச் சட்டநெறி இதனை மேலும் தெளிவாக வகுத்துள்ளது. உழைத்துப் பொருளீட்டும் ஆற்றல் பெறும் வரையில் மகனைப் பேணுதல் தந்தையின் பொறுப்பு. அதன்பின் அப்பொறுப்பு நீங்குகிறது. பெற்றோர் வறியவராயின், வசதியுள்ள மக்கள் அவர்களைப் பேணுதல் கட்டாயக் கடமை. மகனின் பொருளில் தந்தைக்கு உரிமை உண்டு என்னும் கருத்துடைய நபிமொழியைப் பெரியோர் எடுத்துக்காட்டுவர். அவ்வுரிமை தந்தையின் தேவையளவினதே என்பது சட்ட அறிஞருள் பெரும்பாலோரின் விளக்கமாகும். ஆணுக்கும் பெண்ணுக்கும் அவரவர் ஈட்டியதில் பங்குண்டு என்பது திருமறையின் நான்காம் அத்தியாயம் 32ஆம் வசனத்தின் கருத்து.

ஆனால் நம் இல்லங்கள் பலவற்றில் நடைமுறை தலைகீழாக உள்ளது. மகன் வாங்கும் சம்பளம் 'அவன் கைச்செலவு'. அதில் இருசக்கர வாகனத் தவணையும் கைப்பேசியும் போக, வீட்டுக்கு வருவது சிறிதே. மகளின் சம்பளமோ முழுமையாகத் தந்தையின் கைக்குப் போகிறது. வங்கி அட்டையும் அவளிடம் இருப்பதில்லை. அப்பணம் பல நேரங்களில் அவளுக்கே நகையாகவும், மஹர் கொடுத்து மணக்க வேண்டிய மாப்பிள்ளைக்குக் கைக்கூலியாகவும் மாறுகிறது. கேட்க வேண்டியவனிடம் கேளாமல், கேட்க முடியாதவளிடம் எடுத்துக்கொள்வது எந்த நெறி?

"எங்களுக்குத் தேவையில்லை, அவன் சேமிக்கட்டும்" என்பார் வசதியுள்ள பெற்றோர். அன்பினால் எழும் சொல்தான். எனினும் அரிசி விலையும் மின்கட்டணமும் அறியாமல் முப்பது வயதைத் தொட்டவன், நாளை மனைவி மக்களை எவ்வாறு காப்பான்? அவன் தருவதைப் பெற்று, அவன் பெயரிலேயே சேர்த்து வைத்தாலும் பழக்கம் நிலைபெறும்.

மக்கள் கடமை தவறியதால்தான், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. மகன், மகள் இருவரையும் அது கடமைப்படுத்துகிறது. தீர்ப்பாயத்தில் மனுவாகப் போக வேண்டாதது, வீட்டுத் திண்ணையில் பேசி முடிக்கத்தக்கது.

எனவே, முதற் சம்பளம் வந்த மாதமே பெற்றோரும் பிள்ளைகளும் அமர்ந்து பேசுதல் நன்று. வாடகை வேண்டா. மளிகை, மின்கட்டணம், தம்பி தங்கையரின் கல்விக் கட்டணம் இவற்றுள் ஒன்றை மகன் தன் பொறுப்பாக ஏற்கட்டும். மகள் மனமுவந்து தருவதை நன்றியுடன் பெறுவோம். அவள் வங்கிக் கணக்கை அவளிடமே விடுவோம். ஜமாஅத்துப் பெரியோர் இதனைத் தம் இல்லங்களிலிருந்து தொடங்குவாராயின், இளையோர் பின்பற்றுவர்.