மொட்டு விரியும் முன்

அவிநாசியில் சித்திரைத் தேர் நெருங்கினால் பூக்கடைக்காரருக்கு உட்கார நேரமிருக்காது. விடியலில் பறித்த மல்லி மொட்டு, பொழுது சாய்ந்தால் விரியத் தொடங்கும். விரிந்த பூ மறுநாள் விலை போகாது. அந்த ஓட்டத்திலும் மனசுக்கு ஓர் ஓய்வு உண்டு. ஈரத்துணியை விலக்கியதும் வாசம் எழும். வாழைநாரில் மொட்டுகளை வைத்துக் கட்டக் கட்ட மனசு அடங்கிவிடும்.

மொட்டு தரமாக இருந்தால்தான் அந்த நிம்மதி. வாடல் கலந்திருந்தால் பொறுக்கவே பொழுது போய்விடும். அது தோட்டத்துக்காரர் கையில் இருக்கிறது. வெயிலேறும் முன், முற்றிய வெள்ளை மொட்டாகப் பறியுங்கள். மூட்டையில் அமுக்காதீர்கள், சூடேறி நிறம் மாறும். பழக்கூடைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்; பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் வாட்டும். பூ நின்றால், கடைக்காரர் நாளைக்கும் உங்களையே தேடுவார்.