புற்றுநோய் ஆய்வில் லத்தீனோ ஜோடிகள் ஏன் குறைவு? யார் மீது தவறு?

கீமோ முடிந்துவிட்டது. ஸ்கேன் ரிப்போர்ட்டும் நல்லபடியாக வந்துவிட்டது. ஆனால் ராத்திரி தூக்கம்தான் வரவில்லை. 'திரும்ப வந்துடுமோ?' என்ற பயம். அது நோயிலிருந்து மீண்டவருக்கு மட்டுமா? பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவருக்கும்தான்.

இந்தப் பயத்தை, மனச்சோர்வை, குடும்பத்துக்குள் வரும் உரசலை எப்படிக் குறைக்கலாம் என்று பார்ப்பவைதான் உளவியல்-சமூக ஆய்வுகள். அமெரிக்காவில் இப்படிப்பட்ட ஆய்வுகளில் லத்தீனோக்களின் பங்கு குறைவாகவே இருக்கிறது.

யார் இவர்கள்?

மெக்சிகோ, போர்ட்டோ ரிக்கோ, மத்திய, தென் அமெரிக்க நாடுகளைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். 2020 கணக்கெடுப்பின்படி சுமார் 6.2 கோடி பேர். அதாவது, அமெரிக்காவில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர். அரசு நிதியில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளில் சிறுபான்மையினரைச் சேர்க்க வேண்டும் என்று 1993-லேயே சட்டம் வந்தது. அப்புறம் ஏன் தயக்கம்?

பழைய காயம், இன்றைய பயம்

1946-48-ல் குவாத்தமாலாவில் கைதிகள், மனநல நோயாளிகள் உள்ளிட்டோருக்குச் சம்மதம் கேட்காமலேயே பால்வினை நோயைத் தொற்றவைத்து, அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை ஆய்வு நடத்தியது. 2010-ல் விஷயம் வெளியே வந்தது. அதிபர் ஒபாமா மன்னிப்புக் கேட்டார்.

இன்றைய சிக்கல்கள் வேறு. படிவம் ஆங்கிலத்தில். நேர்காணல் பகல் நேரத்தில். போனால் ஒருநாள் சம்பளம் போச்சு. குடியேற்ற ஆவணம் இல்லாதவருக்குக் கையெழுத்துப் போடவே பயம். தேசிய சுகாதார நிறுவனத்தின் நிதியில் நடக்கும் ஆய்வுகளுக்கு 2017 முதல் ரகசியக் காப்புச் சான்றிதழ் தானாகவே கிடைக்கிறது. பங்கேற்பவரின் சம்மதம் இல்லாமல் அவருடைய விவரங்களை நீதிமன்ற வழக்கில்கூடக் கொடுக்கக் கூடாது. நல்ல பாதுகாப்புதான். ஆனால் முதல் போன் காலிலேயே, ஸ்பானிஷில், புரியும்படி சொன்னால்தானே பயன்?

ஒருவர் மறுத்தால் இருவரும் அவுட்

ஜோடியாகச் சேர்க்கும் ஆய்வில் சிக்கல் இரட்டிப்பு. மனைவி சரி என்பார். இரண்டு ஷிஃப்ட் பார்க்கும் கணவர் முடியாது என்பார். இருவருமே பட்டியலிலிருந்து போய்விடுவார்கள். கணவரே இல்லாதவர் பாடு?

அரிசோனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். மார்பகப் புற்றுநோய் வந்த 90 லத்தீனப் பெண்களைச் சேர்த்தார்கள். 'துணை' என்றால் கணவர்தான் என்று அடம்பிடிக்கவில்லை. குடும்பத்தினரோ நண்பரோ, யாராக இருந்தாலும் சரி. யாரும் மருத்துவமனைக்கு அலைய வேண்டாம். 8 வாரமும் எல்லாம் போனில். ஒரு பிரிவுக்கு மன ஆலோசனை, இன்னொரு பிரிவுக்கு உடல்நலக் கல்வி. இரண்டு பிரிவிலுமே பெண்கள், துணைகள் இருதரப்பின் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டதாக 2013-ல் முடிவு வெளியானது.

என்ன செய்ய வேண்டும்?

'ஆள் கிடைக்கவில்லை' என்று ஆய்வறிக்கையின் கடைசிப் பத்தியில் எழுதிவிட்டு நகர்வது போதாது. ஸ்பானிஷ் பேசும் ஊழியர், மாலை நேர அழைப்பு, 'ப்ரொமோத்தோரா' எனப்படும் உள்ளூர் சுகாதாரப் பணியாளர்களுக்குச் சம்பளம் ஆகியவற்றை ஆய்வின் பட்ஜெட்டிலேயே சேர்க்க வேண்டும். நிதி கொடுப்பவர்களும் இதை முதலிலேயே கேட்க வேண்டும். இல்லையென்றால், ஐந்தில் ஒருவரிடம் கேட்காமலேயே உருவான ஆலோசனையைத்தான் நாளைக்கு அவர்களுக்கும் கொடுப்பார்கள்.