பார்த்துச் சொன்னதற்குக் காசா?



இன்று கார் இன்ஜின் பற்றி எழுதப்போகிறேன். வாத்தியாருக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்காதீர்கள். ஒரு பட்டறையில் நின்று வெட்கப்பட்டதால் எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் 2014 மாடல் பெட்ரோல் கார் இருக்கிறது. நான்கு சிலிண்டர். இரண்டு மாதத்துக்கு முன்பு துறையூரிலிருந்து திருச்சிக்கு வீட்டுக்காரம்மாவின் கண் பரிசோதனைக்காகப் போய்க்கொண்டிருந்தோம். பாலம் ஏறும்போது வண்டி வெட்டி வெட்டி இழுத்தது. சிக்னலில் நின்றால் ஸ்டீயரிங் நடுங்கியது. "என்னங்க, வண்டிக்கு விக்கல் எடுக்குது?" என்றார். பார்த்தால் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது.

மறுநாள் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். ஸ்கேனரைச் சொருகினார்கள். பி0302 என்று வந்தது. "ரெண்டாவது சிலிண்டர் மிஸ்ஸிங் சார்." நான்கு ஸ்பார்க் பிளக் 900, இக்னிஷன் காயில் ஒன்று 2,800, இன்ஜெக்டர் கிளீனிங் 2,200, கூலி 1,000. மொத்தம் 6,900 ரூபாய். பென்ஷன்காரனுக்கு அது பெரிய தொகைதான். ஆனாலும் பில்லைப் பார்த்தேன், சாமான் பெயரெல்லாம் வரிசையாக இருந்தது, ஒரு வார்த்தை பேசாமல் கொடுத்தேன்.

சரியாக மூன்று வாரம். மறுபடியும் அதே விக்கல். இந்த முறை விளக்கு நிலையாக எரியவில்லை, மினுக் மினுக்கென்று அடித்தது. பக்கத்து வீட்டுத் தம்பி சொன்னதால் பைபாஸ் ஓரம் இருக்கும் ஒரு சின்னப் பட்டறைக்குப் போனேன். ஐடிஐ முடித்த இளைஞர், தனியாக நடத்துகிறார். அவர் செய்த வேலையை ஸ்டூல் போட்டு உட்கார்ந்து முழுவதும் பார்த்தேன். அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

அவருடைய ஸ்கேனரிலும் அதே பி0302தான் வந்தது. "சார், இது எந்த சிலிண்டர்னு மட்டும்தான் சொல்லும். என்ன கோளாறுன்னு சொல்லாது" என்றார். எனக்குப் புரியும்படி விளக்கவும் செய்தார். ஒவ்வொரு சிலிண்டரிலும் பெட்ரோல் எரியும்போது உள்ளே இருக்கும் கிராங்க் தண்டுக்கு ஒரு தள்ளு கிடைக்கிறது. ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் ஒரு சிலிண்டர் 400 முறை எரிய வேண்டும். ஒன்று எரியாமல் போனால் அந்த இடத்தில் சுழற்சி துளி மந்தமாகும். கிராங்க் சென்சார் அதைப் பிடித்துவிடும். கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, இத்தனையாவது சிலிண்டர் என்று குறித்துவைக்கும். 0301 என்றால் முதல் சிலிண்டர், 0302 இரண்டாவது, இப்படியே. 0300 என்றால் ஒன்றில் மட்டும் இல்லை, மாறி மாறி வருகிறது என்று பொருள்.

ஏன் எரியவில்லை என்பதற்குக் காரணம் மூன்று வழியில் வரலாம். தீப்பொறி இல்லாமல் போகலாம். பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் சேராமல் போகலாம். வால்வோ பிஸ்டன் ரிங்கோ தேய்ந்து கம்ப்ரஷன் போயிருக்கலாம். ஸ்கேனர் காட்டுவது ஒரே எண். அதற்குப் பின்னால் பத்து காரணம் ஒளிந்திருக்கலாம்.

தம்பி புதுச் சாமான் எதையும் எடுக்கவில்லை. இரண்டாவது சிலிண்டர் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போட்டார். மூன்றாவதில் இருந்ததை இரண்டாவதில் போட்டார். கோடை அழித்துவிட்டு ஒரு சுற்று ஓட்டி வந்தார். இப்போது பி0303. கோளாறு காயிலோடு சேர்ந்து இடம் மாறிவிட்டது. அப்படியானால் காயில்தான் குற்றவாளி. இந்தச் சோதனைக்கு ஆன செலவு பூஜ்யம்.

நானாக இருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன். "காயில் போச்சா? வேற போடுப்பா" என்றும் சொல்லிவிட்டேன். அவர் கேட்கவில்லை. "மூணு வாரத்துக்கு முன்னாடி போட்ட காயில் ஏன் சார் போகணும்?" என்றார்.

காயிலின் அடியில் பிளக்கைக் கவ்வும் ரப்பர் குழாயைத் துடைத்துக் காட்டினார். எண்ணெய்ப் பிசுக்கு. டார்ச் அடித்து இரண்டாவது பிளக் இருக்கும் குழிக்குள் பார்க்கச் சொன்னார். அடியில் இன்ஜின் ஆயில் தேங்கி நின்றது. மேலே டேப்பட் கவருக்குள் இருக்கும் சீல் காய்ந்து வெடித்து, ஆயில் சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கிறது. ஆயிலில் ஊறி ரப்பர் கெட்டதும் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் குழியின் சுவருக்குத் தாவிவிடுகிறது. போன முறை பிளக் மாற்றியபோதும் அங்கே ஆயில் இருந்திருக்க வேண்டும். துடைத்துவிட்டுப் புதுக் காயில் மாட்டியிருக்கிறார்கள். மூன்று வாரத்தில் அதுவும் ஊறிவிட்டது.

ஆயிலை சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்த பிறகுதான் பிளக்கைக் கழற்றினார், இல்லையென்றால் அது சிலிண்டருக்குள் இறங்கிவிடுமாம். பேக்கிங், சீல், ஒரு ரப்பர் எல்லாம் சேர்த்து 850. கூலி 600. அதே காயில் திரும்ப வேலை செய்தது. பில்லில் கடைசி வரி: செக்கிங் 500.

இங்கேதான் நான் வாயைத் திறந்தேன். "தம்பி, மாத்துனதுக்குக் கூலி போட்டாச்சே. பார்த்துச் சொன்னதுக்கும் காசா?"

அவர் கோபப்படவில்லை. "பார்க்காம இன்னொரு காயில் போட்டிருந்தா நீங்க கேட்டிருக்க மாட்டீங்க சார். எனக்கும் அதுல லாபம் இருந்திருக்கும். பரவாயில்ல, அதை விட்டுட்டுக் கொடுங்க" என்றார்.

முப்பத்து நான்கு வருடம் வகுப்பறையில் நின்றவனுக்கு அது சுருக்கென்று தைத்தது. காரணம் இருக்கிறது. நான் நாலாம் வகுப்பு எடுத்த காலத்தில் ஒரு பையன் வகுத்தல் கணக்கில் எப்போதும் தப்பு விடுவான். நான் வகுத்தல் கணக்காகவே கொடுத்துக் குவித்தேன். பல வாரம் கழித்து ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து அவன் போடுவதைப் பார்த்தேன். வாய்ப்பாடு சரி, வகுத்தல் முறையும் சரி. கழிக்கும்போது கடன் வாங்கத் தெரியவில்லை. என் சிவப்பு மை எந்தக் கணக்கு தப்பு என்று மட்டும்தான் காட்டிக்கொண்டிருந்தது. அத்தனை வாரமும் நான் காயில் மாற்றிக்கொண்டிருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

என் கருத்து இதுதான். முதல் பட்டறைக்காரர் ஏமாற்றுக்காரர் அல்ல. அவரை அப்படிப் பழக்கியது நாம். சாமானுக்குக் காசு கொடுப்போம், யோசித்ததற்குக் கொடுக்க மாட்டோம். ஒரு மணி நேரம் தேடி ஒரு சீலைக் கண்டுபிடித்தவரிடம் பேரம் பேசுவோம். பத்து நிமிடத்தில் மூன்று சாமான் மாற்றியவருக்கு நன்றி சொல்வோம். அப்புறம் எந்த மெக்கானிக் உட்கார்ந்து தேடுவார்?

"பார்க்கக் காசு என்று ஆரம்பித்தால் பார்க்காமலே வாங்குவார்களே" என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். அதற்குத்தான் நாம் விவரம் கேட்க வேண்டும்.

1. வேலை தொடங்கும் முன்பே செக்கிங் கட்டணம் எவ்வளவு என்று பேசிக்கொள்ளுங்கள்.

2. என்ன கோடு வந்தது என்று எழுதி வாங்குங்கள். அடுத்த பட்டறைக்குப் போனாலும் உதவும்.

3. "எதை வைத்து இந்தச் சாமான்தான் என்று முடிவு செய்தீர்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். மாற்றிப் போட்டுப் பார்த்தேன், கம்ப்ரஷன் அளந்தேன் என்று பதில் வந்தால் நல்லது. ஸ்கேனர் சொன்னது என்று மட்டும் வந்தால் யோசியுங்கள்.

4. கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

5. இன்ஜின் விளக்கு விட்டு விட்டு அடித்தால் வண்டியை விரட்டாதீர்கள். ஓரமாக நிறுத்தி ஆள் கூப்பிடுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்ஸர் வழியில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரியும். அது வெந்துபோனால் செலவு பல்லாயிரம். நான் அன்று பட்டறை வரை ஓட்டியே போனது தவறு.

தம்பிக்கு 500 ரூபாயையும் சேர்த்து முழுசாக 1,950 கொடுத்துவிட்டேன். வாங்கத் தயங்கினார், சட்டைப் பையில் வைத்துவிட்டு வந்தேன். ஆறு வாரம் ஆகிறது. நேற்றும் திருச்சி போய் வந்தோம். பாலம் ஏறும்போது வீட்டுக்காரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். வண்டி சத்தமில்லாமல் ஏறியது.

உங்கள் ஊரில் இப்படித் தேடிப் பார்த்து வேலை செய்யும் மெக்கானிக் இருந்தால் அடுத்த முறை பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வாருங்கள். அனுபவம் இருப்பவர்கள் கீழே எழுதுங்கள், படிக்கிறேன்.